ஸ்நாட்ச் தூக்கும்போது முன்னால் கவிழ்கிறேன், வழி சொல்லுங்கள்

வேலூர்க்காரர்களே, ஒரு உதவி. நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அதே ஊரில் நான் 40 கிலோவுக்கே கவிழ்கிறேன்! ஸ்நாட்சில் (எடைக் கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) கீழே உட்கார்ந்ததும் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, கம்பி முன்னால் போய்விடுகிறது. உடலும் எடையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே நிற்க வேண்டும் என்பது புரிகிறது, கால்தான் கேட்கவில்லை. குதிகாலுக்கு அடியில் சின்னத் தட்டு வைத்தால் நன்றாகவே உட்கார முடிகிறது. அப்படியென்றால் கணுக்கால் இறுக்கம்தானா, இல்லை தோளா? குதிகால் உயர்ந்த ஷூ வாங்கணுமா, கணுக்காலைத் தளர்த்தும் பயிற்சி போதுமா? (ஷூ விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.) அப்புறம், காட்பாடி பக்கம் பயிற்சியாளர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குள் என்றால் நல்லது, வெயில் ஏறினால் நம்மால் ஆகாது.