சிகாகோ 75ஆம் தெருவில் செவ்வாய்க்கிழமை இரவுகள்: வான் ஃப்ரீமேனை நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

ஜாஸ் சாக்ஸபோன் மேதைகள் கோல்ட்ரேன், ராலின்ஸ், பார்க்கர் என்று ஆரம்பித்தால் நாம் விடிய விடியப் பேசுவோம். அவர்கள் காலத்தில் வாசிக்கத் தொடங்கி, 88 வயதில் சாகும்வரை சொந்த ஊரான சிகாகோவை விட்டுக் குடிபெயராத டெனர் (கீழ் ஸ்தாயி) சாக்ஸபோன் கலைஞர் வான் ஃப்ரீமேனைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. 2000களில் வேலை நிமித்தமாக அங்கே இருந்தபோது அவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு அமைந்தது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

இடம், நியூ அபார்ட்மென்ட் லவுஞ்ச். தெற்கு சிகாகோவில் கிழக்கு 75ஆம் தெருவில் இருந்த சின்ன பார். டவுன்டவுனிலிருந்து ரெட் லைன் ரயிலில் தெற்கே வந்து, இறங்கி, அப்புறம் பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். அலுவலக நண்பர்கள் ராத்திரியில் அந்தப் பக்கம் போகாதே என்றுதான் சொன்னார்கள், ஆனால் அந்தத் தெரு எனக்கு ஒரு நாளும் பயம் தந்ததில்லை. கறுப்பின மக்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக வீடு வாங்கி, கடை வைத்து வாழ்கிற பகுதி. லெம்ஸ் பார்பிக்யூ, ஆர்மி அண்ட் லூஸ் மாதிரி ஊரே பேர் சொல்லும் சாப்பாட்டுக் கடைகள் அப்போது அதே தெருவில்தான் இருந்தன. 80களின் தொடக்கத்திலிருந்தே வான் அங்கே செவ்வாய்க்கிழமைகளில் வாசித்துவந்தார். கச்சேரி தொடங்கவே பத்தரை ஆகிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒரு பீர் வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

வளைந்து வளைந்து போகும் பார் மேசை, அதற்குச் சில அடி தள்ளி வாத்தியக்காரர்கள். கிடாரில் மைக் அலமானா, பேஸில் மாட் ஃபெர்குசன், ட்ரம்ஸில் மைக்கேல் ரேனர், பெரும்பாலும் இந்த மூவர்தான் அவருடன் இருப்பார்கள். பியானோ இல்லாததால் சாக்ஸபோனைச் சுற்றி நிறைய வெற்றிடம் இருக்கும், அந்த வெற்றிடத்தை அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

மறக்க முடியாதது பாலட்தான், அதாவது மெதுவாகப் போகும் பாட்டு. வேகமான பாட்டு ஒன்றிரண்டு முடிந்ததும் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், இவர் மட்டும் தனியாக ஆரம்பிப்பார். என்ன பாட்டு என்று முதலில் பிடிபடாது. எங்கோ தூரத்து ஸ்வரத்தில் தொடங்கி, கீழே இறங்கி, திடீரென்று மேலே பாய்ந்து, கரகரவென்று ஓர் ஒலி, உடனே காற்று மட்டும் வருகிற மாதிரி மெல்லிய ஒலி, இப்படிப் பல நிமிடங்கள் போகும், தெரிந்த மெட்டின் ஒரு துண்டு நடுவில் தலைகாட்டி மறையும், கடைசியில் மெட்டு முழுசாக வந்து சேரும்போது மூவரும் சேர்ந்துகொள்வார்கள். அத்தனை அருகில் உட்கார்ந்திருந்தால் நம் சீவாளி மாதிரி ஊதும் இடத்தில் இருக்கும் ரீட் துடிப்பதும், கீ மூடும் டக் டக் சத்தமும், அவர் மூச்சு இழுப்பதும்கூடக் கேட்கும். ரெக்கார்டில் இதெல்லாம் வராது.

சுருதி சேரவில்லை என்று அவரைக் குறை சொன்னவர்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே வரும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அவர் செய்தது உடனே புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒரு ஸ்வரத்தை அதன் இடத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து, அழுத்தம் கொடுத்து, மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போவார், நம் கமகம் மாதிரியே. ஒரே சொற்றொடரைத் திரும்ப வாசிக்கும்போது அதே இடத்தில் அதே வளைவு வரும். கை தவறி வருகிற விஷயம் இல்லை அது. யாருடைய குரலும் மற்றவர் குரல் மாதிரி இருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்ட மனிதரின் வாசிப்பு.

அவர் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1923 அக்டோபர் 3இல் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர், இசைப் பைத்தியம். சின்னப் பையனாக இருக்கும்போது வீட்டு கிராமபோனின் குழலைக் கழற்றி, அதில் ஓட்டை போட்டு ஊதிப் பார்த்ததாக வானே பலமுறை சொல்லியிருக்கிறார். படித்தது டூசேபிள் உயர்நிலைப்பள்ளியில், கேப்டன் வால்டர் டயட் என்ற கண்டிப்பான ஆசிரியரிடம். பேர்பெற்ற டெனர் கலைஞர்கள் ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின் எல்லாரும் அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்கள்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படை பேண்டில் வாசித்தார். திரும்பி வந்து சகோதரர்கள் ஜார்ஜ் (கிடார்), ப்ரஸ் (ட்ரம்ஸ்) இருவருடன் பெர்ஷிங் ஹோட்டல் அரங்கின் பேண்டில் இருந்தார். நியூயார்க்கிலிருந்து சார்லி பார்க்கர் வந்தால் பக்கத்தில் நின்று வாசிப்பது இவர்கள். அண்டவெளி இசைக்குப் பின்னாளில் பேர்போன சன் ராவுடனும் 40களின் கடைசியில் வாசித்திருக்கிறார்.

அதற்கப்புறம் நீண்ட காலம் வெளியுலகத்துக்கு அவர் தெரியவே இல்லை. நடன அரங்குகள், ப்ளூஸ் பாடகர்களுக்குப் பின்வாத்தியம், கிடைத்த வேலை எல்லாம் செய்தார். தன் பெயரில் முதல் இசைத்தட்டு 1972இல்தான் வந்தது, அட்லாண்டிக் நிறுவனத்துக்கு, சாக்ஸபோன் கலைஞர் ரசான் ரோலண்ட் கிர்க் முன்னின்று தயாரித்தார். ஐம்பதை நெருங்கும் வயது! தன் குழுவிலிருந்து கோல்ட்ரேன் விலகிய நேரத்தில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் இவரைக் கூப்பிட்டார், இவர் திரும்ப அழைக்கவே இல்லை என்று ஒரு கதையும் உண்டு. நியூயார்க் போயிருந்தால் பெரிய பேர் கிடைத்திருக்கும், ஆனால் இப்படி ஒரு வாசிப்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாத ஊரில், அக்கம்பக்கத்துக்காரர்கள் முன்னால், வருஷக்கணக்காக இஷ்டப்படி வாசித்துத்தான் அந்தக் குரல் இப்படி ஆனது என்பது என் எண்ணம்.

*

அண்ணா, படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் அப்போது டெனர் பழகிக்கொண்டிருந்த மாணவன். நீங்கள் முதல் செட்டை, அதாவது கச்சேரியின் முதல் பகுதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த இடம் என்றால் அதற்குப் பிறகு வரும் ஜாம் செஷன்தான்.

முதல் செட் முடிந்ததும் வான் கூட்டத்தோடு நிறையப் பேசுவார், கிண்டலும் பாசமுமாக. புதிதாக வந்தவர்களை எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிப்பார். அதற்கப்புறம் வாத்தியம் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறலாம். பள்ளி மாணவர்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த பயணிகள், பாடகிகள், ஓய்வுபெற்ற பெரியவர்கள், யாரையும் அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. நியூயார்க்கில் சில ஜாம் செஷன்களில் புதியவனை விரட்டுவதற்கென்றே கஷ்டமான பாட்டை அதிவேகத்தில் எடுப்பார்கள். இங்கே அந்தக் கொடுமை கிடையாது. அதே சமயம் சுலபமும் கிடையாது, பேண்டில் இருக்கிற மூவரும் நம்மைத் தாங்கிப் பிடிப்பார்கள், ஆனால் நமக்குப் பதிலாக வாசிக்க மாட்டார்கள்.

நான் ஒரு ப்ளூஸ் வாசித்தேன். வகுப்பில் பாடம் பண்ணிய வரிகள் எல்லாம் இரண்டே சுற்றில் தீர்ந்துபோயின. நிறுத்தப் போனேன், பக்கத்தில் நின்றிருந்த அவர் தலையை அசைத்து இன்னும் போ என்று சைகை காட்டினார். கையிருப்பு தீர்ந்த பிறகு வாசித்த அந்த மூன்றாவது சுற்றில்தான் எனக்கே புதிதாக ஏதோ ஒன்று வந்தது. கீழே வந்ததும் பாரில் இருந்த பெண்மணிகள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவர் ஒரு குறிப்பும் சொல்லவில்லை, தவறும் திருத்தவில்லை. அடுத்து நின்ற டிரம்பெட்காரருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார். சிகாகோவில் வளர்ந்த ஸ்டீவ் கோல்மன் மாதிரி பெரிய சாக்ஸபோன் கலைஞர்கள் வானை குருவாகச் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம், கற்றுக்கொடுப்பது என்று காட்டிக்கொள்ளாமலே கற்றுக்கொடுத்த அந்த விதம்தான் ஞாபகம் வரும்.

*

தெற்கு சிகாகோ என்றதும் ஃப்ரெட் ஆண்டர்சனையும் சேர்த்துப் பேசாமல் இருக்க முடியவில்லை. வானை நான் மில்லேனியம் பூங்காவில் பெரிய கூட்டத்தோடுதான் கேட்டேன், சின்ன இடத்தில் கேட்டது ஆண்டர்சனை.

அவரும் டெனர்தான், லூசியானாவின் மன்ரோவில் 1929இல் பிறந்தவர். 1965இல் சிகாகோவில் உருவான ஏஏசிஎம் இசைக்கலைஞர் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். 80களிலிருந்து வெல்வெட் லவுஞ்ச் என்ற பாரை அவரே நடத்தினார். பழைய கட்டடத்தின் பூப்போட்ட வால்பேப்பர் அங்கே போன எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2006இல் செர்மக் சாலைக்கு மாறினார்கள். நான் போனபோது வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார், அப்புறம் உள்ளே போய்க் குளிர்பானம் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரே சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு இடுப்பு மடங்கும் அளவுக்குக் குனிந்து, ஏறத்தாழ வாத்தியம் தரையைத் தொடும்படி நின்று, நிறுத்தாமல் ஊத ஆரம்பித்ததும்தான் அவர் யார் என்று தெரிந்தது. மெட்டு, கார்ட் (ஸ்வரக் கூட்டு) என்று எதையும் பற்றிக்கொள்ளாமல், அடியில் இருந்து அலை அலையாகக் கிளம்பி வரும் இசை. ட்ரம்ஸ் வாசித்தவர்கள் எல்லாம் அவர் வயதில் பாதி. 2010 ஜூனில் காலமானார், லவுஞ்சும் அதிக நாள் நீடிக்கவில்லை. இருவரையும் ஒப்பிட வேண்டியதில்லை, வானுக்குப் பழைய பாட்டுகள் மீது இருந்த காதல் வேறு, ஆண்டர்சன் போன பாதை வேறு. ஆனால் வயதான கலைஞர் தன் ஊரில் தானே ஓர் இடத்தைக் காப்பாற்றி, இளையவர்களுக்குத் திறந்து வைத்தது இரண்டு பேருக்கும் பொது.

*

வான் ஃப்ரீமேனை நான் கேட்டதே இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்? ஜாஸ் பெரிதாகப் பழக்கம் இல்லாதவனுக்குச் சொல்லுங்கள்.

*

கேட்டதற்கு நன்றி தம்பி. 1975இல் நெஸ்ஸா என்ற சிகாகோ நிறுவனத்துக்கு இரண்டு ஆல்பங்களுக்குப் போதுமான அளவு வாசித்துக் கொடுத்தார், அதில் மெதுவான பாட்டுகள் உள்ளதை முதலில் கேளுங்கள். வேகமானவற்றில் ஸ்வரங்கள் கொட்டும்போது பழகாத காது திணறும், பாலட்டில் ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகப் பின்தொடரலாம். அதன்பின் 2000களில் பிரிமோனிஷன் நிறுவனம் வெளியிட்டவை, அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி. ஒலி இன்னும் மெலிந்து, இடைவெளிகள் கூடியிருக்கும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். முதல் தட்டை, அதாவது 1972இல் வந்ததை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போனில் கேளுங்கள், ஒரே நேரத்தில் ஒரு பாட்டு போதும். பிடித்துப்போனால் மகன் சிகோ ஃப்ரீமேன், தம்பி ஜார்ஜ் ஃப்ரீமேன் இருவரையும் தேடுங்கள். சிகோவும் டெனர்தான், ஆனால் அப்பாவைப் பிரதி எடுக்கவில்லை. ஜார்ஜ் தொண்ணூறு வயதைத் தாண்டியும் கிடார் வாசித்தார், அவரும் அண்ணனைப் போலவே யாரும் எதிர்பாராத ஸ்வரத்தில் போய் நிற்பவர்.

அமெரிக்க அரசின் கலை நிதியம் ஜாஸ் கலைஞர்களுக்குத் தரும் மிக உயரிய கௌரவம் வானுக்கு 2012இல் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11இல் போய்விட்டார். 75ஆம் தெருவில் அவர் பெயர் எழுதிய பலகையை மட்டும் ஊர்க்காரர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவர் கண்ணாலேயே பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். வேறு யாராவது அந்த ஜாமில் ஏறி வாசித்திருந்தால், எந்தப் பாட்டு எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.