கசவுத் துணியில் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுப்பது: தைத்தவர்கள் சொல்லுங்கள்

களியக்காவிளை:
ஓணத்துக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாவாடை சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும். பெரியவளுக்கு 5 வயது, சின்னவளுக்கு 3. துணி பாலராமபுரம் கைத்தறி செட்டு முண்டு (கீழே உடுக்கும் முண்டும் மேலே போடும் நேரியதும் சேர்ந்த ஜோடி), கசவுக் கரை, அதாவது பொன்னிற ஜரிகைக் கரை. சாதாக் காட்டன் தைத்துப் பழக்கம் உண்டு, கசவில் கை வைத்ததில்லை. எவ்வளவு துணி பிடிக்கும், எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். வேறு என்ன தைத்துக் கொடுக்கலாம் என்றும் சொல்லலாம்.

மார்த்தாண்டம்:
முதல் வேலை கத்திரிக்கோலை ஒளித்து வைப்பது. தறியிலிருந்து வந்த துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சிப் பசை இருக்கும். அது இறங்கும்போது துணி சுருங்கும். எவ்வளவு என்பது துணிக்குத் துணி வேறு. ஒரு மூலையில் 50 செ.மீ. சதுரம் குறித்து நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 48 வந்தால் நூற்றுக்கு 4 சுருங்கும் துணி. கடையில் விற்கிறவர் "சுருங்காது சேச்சி" என்று சொல்வதை அப்படியே விட்டுவிடலாம்.

முண்டு முழுவதையும் பச்சைத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் நீளவாக்கில் தொங்கவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் தேயுங்கள். நனைக்காமல் தைத்தால் கெடுவது பாவாடை நீளம் மட்டுமில்லை. பருத்தி சுருங்கும், கசவு அந்த அளவுக்குச் சுருங்காது. முதல் துவைப்பிலேயே கீழ் ஓரம் அலை அலையாக நிற்கும். பிறகு எத்தனை தடவை தேய்த்தாலும் படியாது.

அளவு: பெரும்பாலும் ஒரு முண்டு 2.8 மீட்டர், அகலம் 48 இஞ்ச் அளவில் வரும். நனைத்த பின் சுமார் 106க்கு 46 இஞ்ச் கிடைக்கிறது என்று வையுங்கள். இரண்டு நீள ஓரத்திலும் கசவு இருக்கும். நடுவில் நீளவாக்கில் வெட்டினால் 23 இஞ்ச் உயரத்தில் இரண்டு பட்டை, ஒவ்வொன்றுக்கும் அடியில் கசவு. ஒரு முண்டில் இரண்டு பிள்ளைக்கும் ஆகிவிடும். நேரியதைத் தொடவே வேண்டாம். ஆனால் வாங்கும்போது இரண்டு ஓரத்தையும் பாருங்கள். சில துணியில் ஒரு பக்கம் அகலக் கசவும் மறுபக்கம் ஒல்லிக் கசவும் இருக்கும். இரண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்றால் அது சரிப்படாது, சண்டை வரும்.

5 வயதுக்கு இடுப்பு 21, மார்பு 23, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 24 இஞ்ச் என்று பொதுக் கணக்கு. கிடைத்தால் பிள்ளையை அளந்தே தையுங்கள். பட்டையில் 60 இஞ்ச் பாவாடைக்கு. அதற்கு மேல் விட்டால் இடுப்பில் சுருக்கம் மூட்டை மாதிரி நிற்கும், கைத்தறி பட்டு போல ஒடுங்காது. மேலே அரை இஞ்ச் தையலுக்குப் போனால் 22½, இடுப்புப் பட்டி 2 இஞ்ச் சேர்ந்து 24½. பட்டிக்கு வீட்டில் கிடக்கும் வெள்ளைக் காட்டன் போதும், சட்டை மூடிவிடும்.

மீதி 46 இஞ்ச் பட்டையில் சட்டை. முன்பக்கம் 14½ அகலம், பின்பக்கம் திறப்பு விடுவதால் 16½, உயரம் 15. இவை இரண்டையும் பட்டையின் மேல்பாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். கீழே கசவோடு உள்ள 7 இஞ்சில் 12 இஞ்ச் அகலத்தில் இரண்டு கை எடுங்கள். கசவு கையின் முனையில் வந்துவிடும். சட்டையின் அடியிலும் கசவு வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்தத் துணியில் எட்டாது. கழுத்துக்கான கிராஸ் துண்டு (சாய்வாக வெட்டும் பட்டை) ஓரத்தில் மிஞ்சும் துணியில் கிடைக்கும்.

சுருக்கத்துக்கு மெஷினில் தையல் நீளத்தை 4 அல்லது 5 மி.மீ. ஆக்கி, மேல் நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, விளிம்பிலிருந்து கால் இஞ்சிலும் அரை இஞ்சிலும் இரண்டு வரி ஓட்டுங்கள். ஒரே வரி ஓட்டினால் துணி புரண்டு கொசுவம் சாயும். பாவாடையையும் பட்டியையும் நாலு சமபாகமாகக் குறித்து, குறியோடு குறி சேர்த்த பிறகு அடி நூலை இழுங்கள். பின்பக்கம் ஒரே ஒரு இணைப்புதான் வரும். கசவு ஓரம் நெய்த ஓரம் என்பதால் கீழே மடித்துத் தைக்கும் வேலை இல்லை. அந்த ஓரத்தை மடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பாறசாலை:
கசவு எது என்று முதலில் பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு இழை உருவி நெருப்பில் காட்டினால், உருகி மணி போல் சுருண்டால் பிளாஸ்டிக் ஜரிகை. கம்பி மிஞ்சினால் உலோகம். கடைகளில் அதிகம் வருவது முதல் வகை. அதில் இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்தால் மினுக்கம் போய்ச் சுருங்கிவிடும். மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, சூட்டைக் குறைத்து, உள்பக்கமாக அழுத்தி எடுங்கள். தேய்த்து இழுக்காதீர்கள்.

கசவின் மேல் குண்டூசி குத்தக் கூடாது. ஓட்டை தங்கும், இழை கிளம்பும். கசவைக் கடக்கிற இடத்தில் புது ஊசி போடுங்கள், 11ஆம் நம்பர். முனை மழுங்கிய ஊசி ஜரிகையைக் கொக்கி போல இழுத்து வரும். தையல் 2.5 மி.மீ. இருக்கட்டும். அதற்கும் பொடியாகத் தைத்தால் துணி சுருக்கு விழும், பிரிக்க நேர்ந்தால் வரிசையாக ஓட்டை நிற்கும்.

குறிப்பதற்கு மெழுகுச் சாக், கார்பன் வேண்டாம். தந்த நிறத் துணியில் இஸ்திரிச் சூடு பட்டால் மஞ்சள் கறை நின்றுவிடும். தேய்ந்த குளியல் சோப்புச் சில்லுதான் நல்லது, தண்ணீரில் போய்விடும். சலவை நீலமும் பிளீச்சும் படாமல் பாருங்கள். வெளுக்காத நூலின் நிறம்தான் இந்தத் துணிக்கு அழகு. கசவோடு சிவப்பு, பச்சைக் கரை சேர்ந்திருந்தால், ஊறவைக்கும் முன் ஈர வெள்ளைத் துணியைக் கரையில் இரண்டு நிமிடம் அழுத்தி வையுங்கள். சாயம் ஒட்டினால் ஊறவைக்காதீர்கள், அலசி உடனே விரித்துப் போடுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது இங்கே எடுபடாது.

கொழிஞ்சாம்பாறை:
இணைப்புக்கு எங்கள் பக்கம் ஓவர்லாக் அடித்துவிடுவார்கள். குழந்தை உடுப்புக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. கைத்தறி நெருக்கம் குறைவு, ஓவர்லாக் பிடிக்கும் விளிம்பு இழை இழையாகக் கழன்றுவரும், இடுப்பிலும் உறுத்தும். பிரெஞ்சுத் தையல் போடுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து கால் இஞ்சில் தைத்து, மிச்சத்தை அரைக்கால் இஞ்சுக்கு வெட்டி, திருப்பி, உள்ளேயிருந்து 3/8 இஞ்சில் ஒரு தையல். விளிம்பு உள்ளே அடைபட்டுவிடும். இதற்கு இரண்டு பக்கமும் 5/8 இஞ்ச் விட்டு வெட்ட வேண்டும்.

கைக்குழியில் இது ஏறாது. அங்கே கிராஸ் துண்டு வைத்து மடித்துத் தையுங்கள்.

நாகர்கோவில்:
கைக்கு லேஸ் வைப்பதாக இருந்தால் அதையும் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். பருத்தி லேஸ் துணியைவிட அதிகம் சுருங்கும், கை முனை குவிந்துவிடும். பட்டையைத் துணியோடு சமமாக வைத்து இழுக்காமல் தையுங்கள். குரோஷா தெரிந்தவர்கள் 20ஆம் நம்பர் பருத்தி நூலும் 1.25 மி.மீ. ஊசியும் வைத்து நேராக விளிம்பிலேயே பின்னலாம். 12 இஞ்ச் கைக்கு ஒரு விரற்கடை உயரப் பின்னல் போதும். கசவு இருக்கிற கைக்கு லேஸ் சேர்த்தால் இரண்டும் எடுபடாது, ஏதாவது ஒன்று வையுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்கே கற்றுக்கொடுத்த லேஸ் வேறு வகை. தலையணையில் ஊசி குத்தி, பாபின் மாற்றி மாற்றிப் பின்னுவது. அது கிடைத்தால் மெஷினில் ஓட்டாதீர்கள், கையால் தையுங்கள்.

மூணாறு:
கசவு இல்லாமல் ஒன்று. மலைமேல் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் குழந்தை பிறந்தால் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுங்கள், மார்கழி தையில் அதுதான் உதவும். கீழே நாட்டில் இருக்கிற குழந்தைக்கு அக்ரிலிக் தொப்பி போட்டால் வேர்க்குரு வரும், அங்கே பருத்தி நூல்.

பிறந்த குழந்தையின் தலை 35 செ.மீ. அளவில் இருக்கும். தொப்பி 32 இருந்தால்தான் நிற்கும். நாலு இழை பேபி வூல், 10ஆம் நம்பர் ஊசி, அதாவது 3.25 மி.மீ. முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னிப் பாருங்கள், 10 செ.மீ.க்கு 26 கண்ணி வர வேண்டும். 24தான் வந்தால் உங்கள் கை தளர்ச்சி, ஊசியை ஒரு நம்பர் சிறியதாக்குங்கள். 84 கண்ணி போடுங்கள். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்) இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று 4 செ.மீ., பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், மொத்தம் 12 செ.மீ. ஆகும் வரை. அடுத்து 10 நிட் போட்டு இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள், வரிசை முழுவதும் ஏழு இடத்தில். பர்ல் வரிசை சும்மா. அடுத்த நிட் வரிசையில் 9, பிறகு 8 என்று குறைத்துக்கொண்டே வந்து 14 கண்ணியானதும் இரண்டிரண்டாகச் சேர்த்து 7 ஆக்கி, நூலை அதற்குள் இழுத்து இறுக்குங்கள். வட்டமாகப் பின்னுகிறவர்கள் பர்ல் வரிசையையும் நிட்டாகவே போடுங்கள். தட்டையாகப் பின்னி ஓரம் சேர்ப்பவர்கள் 86 போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணியைத் தையலுக்கு ஒதுக்குங்கள்.

உச்சியில் பூக்குஞ்சம், தாடையில் கட்டும் நாடா, பட்டன் எதுவும் பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குள் போகும், நாடா கழுத்தைச் சுற்றும். அக்ரிலிக்கில் இஸ்திரி வைத்தால் துவண்டுபோய்விடும், பழைய நிலைக்கு வராது. நிஜக் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் பொம்மைத் தொப்பி ஆகிவிடும். கொடுக்கும்போது துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

செங்கோட்டை:
28ஆம் நாள் அரைஞாண் கட்டுக்குப் போகிறவர்கள் பழைய வேட்டியில் ஜாப்லா (பச்சைக் குழந்தைச் சட்டை) தைத்துக் கொண்டுபோகலாம். பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது, உறுத்தாது. 10 இஞ்ச் அகலம், 11 இஞ்ச் நீளம், முன்பக்கம் திறப்பு, துணியிலேயே சின்ன முடிச்சு. தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரட்டும், பார்வைக்குத் தப்பாகத் தெரிந்தாலும் தோலுக்கு நல்லது. நைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்குங்கள்.

களியக்காவிளை:
ரொம்ப உபகாரம். சின்னவளுக்கு 20 இஞ்ச் நீளம்தான் வேண்டும். பட்டையை வெட்டுவதா, டக் (மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிப்பதா?

மார்த்தாண்டம்:
வெட்டாதீங்க. 22½ம் பட்டி 2ம் சேர்ந்து 24½ வருது இல்லையா, 1 இஞ்ச் டக் இரண்டு பிடித்தால் 4 இஞ்ச் போய் 20½ நிற்கும். முதல் டக் கசவுக்கு 2 இஞ்ச் மேலே, அடுத்தது அதற்கு ஒன்றரை இஞ்ச் மேலே, இரண்டும் கீழ்நோக்கிப் படியட்டும். 4 மி.மீ. தையலில் பிடியுங்கள், வளர்ந்தால் மேல் டக்கை முதலில் பிரிக்கலாம். முடித்த பிறகு கஞ்சி போட்டு வைக்காதீங்க, ராமபாணப் பூச்சி வரும். பாச்சா உருண்டையும் சென்ட்டும் கசவில் படாமல், பழைய மல் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி வேணும்னா ஓணத்துக்கு முந்தின நாள் போட்டுக்கிடலாம்.