புதுப்பிப்பு: நான்கு ஆன்டெனாக்கள் தவறான நிலையத்தையே பிடித்த காரணம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்து வீட்டுக் கூரையில் நான்கு ஆன்டெனாக்களை 1.5 மீட்டர் இடைவெளியில், அதாவது 100 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளத்தில், கிழக்கு மேற்காக நிறுத்தி, ஒரே அலைவரிசையில் மோதும் இரண்டு பண்பலை நிலையங்களைப் பிரிக்க முயன்றபோது, ஈப்போ பக்கத்து வலுவான நிலையமே ஒவ்வொரு முறையும் வென்றது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது காரணம் விளங்கிவிட்டது.

நான் பயன்படுத்தியது, 1980இல் கோடார்டும் 1983இல் டிரைக்லரும் ஏகியும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்த மாறா வீச்சு முறை (வீச்சு என்பது அலையின் உயரம்). அது பயிற்சிக் குறிகை எதையும், அதாவது முன்கூட்டியே தெரிந்த மாதிரி சிக்னல் எதையும், கேட்பதில்லை. தூய பண்பலையின் வீச்சு மாறாது, குறுக்கீடு கலந்தால் ஏறி இறங்கும் என்ற ஒரே உண்மையைப் பற்றிக்கொண்டு, வெளியீட்டின் வீச்சு நிலைபெறும்வரை ஒவ்வோர் ஆன்டெனாவின் எடையையும் (குறிகைகளைக் கூட்டுமுன் அதன் குறிகையைப் பெருக்கும் எண்ணையும்) திருத்திக்கொண்டே செல்கிறது. ஆனால் குறுக்கிடும் நிலையமும் பண்பலைதானே! எதைப் பிடித்தாலும் நிபந்தனை நிறைவேறுவதால், தொடக்க எடைகளும் குறிகைகளின் வலிமையுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

ஆகவே, தொடக்க எடைகளை, மெல்லிய நிலையம் இருக்கும் தைப்பிங் திசைக்கு அமைத்து ஓட்டினேன். வலுவான நிலையம் ஒதுங்கி, மெல்லிய நிலையத்தின் செய்தியறிக்கை தெளிவாகக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. எடைகளை ஒவ்வொரு முறையும் திருத்தும் அளவைப் பெரிதாக்கினால் மட்டும் எடைகள் மீண்டும் ஈப்போ பக்கமே தாவிவிடுகின்றன.