துல்லியம் 96.8, ஆனால் ஒரு திவால் கம்பெனிகூட சிக்கவில்லை: உதவி தேவை

நாகர்கோவில்_எம்பிஏ:
வணக்கம். கடைசி வருட ப்ராஜெக்ட், திவாலை முன்கூட்டிக் கணிப்பது. தைவான் கம்பெனிகளின் 1999–2009 தரவை எடுத்திருக்கிறேன்: 6,819 கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் 95 நிதி விகிதங்கள். கீராஸில் (பைத்தான் நிரல் நூலகம்) நியூரல் நெட்வொர்க் ஓட்டியதில் துல்லியம் 96.8 சதவீதம். கைடுக்கு ஏக சந்தோஷம். ஆனால் கணிப்பையும் நிஜத்தையும் ஒப்பிடும் கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் அட்டவணையில் திவால் என்று கணித்த கட்டம் முழுக்கப் பூஜ்யம். அடுக்குகளைக் கூட்டினாலும் அதேதான். இது சரியானால் மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளுக்கும் போட்டுப் பார்க்க ஆசை.

குளச்சல்_கோடர்:
மக்கா, அந்த 6,819-ல திவால் ஆனது 220 தான். எல்லாத்துக்கும் "நல்லாருக்கு"ன்னு கண்ண மூடிட்டு சொன்னாலே 96.8 வந்துரும், கேட்டியா. ஒன் நெட்வொர்க் அதத்தான் செய்யுது. திவால் வகுப்புக்கு சுமார் 30 மடங்கு எடை குடு. ரீகால் (நெஜமா திவாலானதுல எத்தன சிக்குச்சு), ப்ரிசிஷன் (திவால்னு சொன்னதுல எத்தன சரி) ரெண்டயும் பாரு. ஸ்மோட் (கொறஞ்ச வகுப்புக்கு செயற்கையா மாதிரி உண்டாக்குற முறை) போடுறதுன்னா தரவப் பயிற்சி, சோதனைன்னு பிரிச்ச பொறவு, பயிற்சிப் பக்கம் மட்டும்.

இன்னொண்ணு. அந்தத் தரவுல முக்காவாசி பத்தி (காலம்) 0-லிருந்து 1-க்குள்ள கெடக்கும், சிலதுல மட்டும் நூறு கோடிக்கு மேல எண் இருக்கும். அப்பிடியே ஸ்கேல் பண்ணினா (ஒரே அளவுக்குள்ள கொண்டாந்தா) மத்ததெல்லாம் நசுங்கிப்போகும். மொதல்ல அந்தப் பெரிய எண்கள வெட்டி ஒதுக்கு. நெட் இன்கம் ஃப்ளாக் பத்தி முழுக்க 1, தூக்கிப் போடு.

நாகர்கோவில்_எம்பிஏ:
நன்றி அண்ணா. கைடு காட்டின பழைய கட்டுரைகளில் இந்தப் பிரச்சினையே இல்லையே?

தக்கலை_கணக்கு:
எப்படி வரும் தம்பி? திவாலைக் கணிக்கும் சூத்திரம் போட்ட ஆல்ட்மன் 1968-ல் எடுத்தது 33 திவால், 33 நல்ல கம்பெனி. 1990-ல் ஓடம், ஷர்தா இருவரும் அவருடைய அதே ஐந்து விகிதங்களை நியூரல் நெட்வொர்க்கில் போட்டபோதும் 65 திவாலுக்கு 64 நல்ல கம்பெனி. பாதிக்குப் பாதி திவாலாகும் ஊர் எங்கே இருக்கிறது? இப்படிப் பொறுக்கி எடுத்தால் கணிப்பு ஒருபக்கம் சாயும் என்று ஸ்மியெவ்ஸ்கி 1984-லேயே எழுதிவிட்டார். ஓல்சன் 1980-ல் லாஜிட்டுக்கு (லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்) எடுத்தது 105 திவாலுக்கு 2,058 நல்ல கம்பெனி, அதைப் படியுங்கள்.

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆல்ட்மனின் 1968 சூத்திரத்துக்குப் பங்குச் சந்தை மதிப்பு வேண்டும். நம்மூர் ஆலைகளுக்கு அது ஏது? கணக்குப் புத்தக மதிப்பை வைத்து 1983-ல் அவரே தந்த வடிவம் உண்டு. ஆனால் மார்ச் 31 அன்று பாலன்ஸ் ஷீட் மூடும்போது கொட்டை சீசன். சரக்கும் கடனும் சேர்ந்து வீங்கி நிற்கும். நல்ல ஆலையும் அன்றைக்கு நோயாளி மாதிரிதான் தெரியும். அதோடு, தனியாள் நடத்தும் ஆலை மஞ்சக் கடுதாசி கொடுக்காமலே பூட்டிவிட்டுப் போகும். எது திவால் என்று சொல்லும் லேபிள் உங்களுக்கு எங்கிருந்து வரும்? வங்கியில் 90 நாள் தவணை தவறியதை வேண்டுமானால் எடுக்கலாம், அதுவும் வங்கி கொடுத்தால்.

நாகர்கோவில்_எம்பிஏ:
எடை கொடுத்து, பெரிய எண்களை வெட்டியதும் பாதிக்கு மேல் பிடிக்கிறது. ஆனால் நல்ல கம்பெனிகளையும் நிறைய திவால் என்கிறது. சும்மா ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டால் அதுவும் ஏறத்தாழ அதே அளவு பிடிக்கிறது. எதை எழுத?

குளச்சல்_கோடர்:
ரெண்டயும் எழுது. திவால்னு முடிவு கட்டுற வரம்ப 0.5-லயே நிறுத்தாத. நல்ல கம்பெனிக்குக் கடன் மறுத்தா வங்கிக்கு வட்டிதான் போகும், திவாலாகுறவனுக்குக் குடுத்தா முதலே போகும். அந்தக் கணக்கப் போட்டு வரம்ப முடிவு பண்ணு. வைவால மொதக் கேள்வி அதாத்தான் இருக்கும்.