பால் மறந்த பன்றிக்குட்டிக்கு கழிச்சல்: ப்ரோபயாடிக், மூலிகை எக்ஸ்ட்ராக்ட் பாக்கெட் எல்லாம் நெஜமா கேக்குதா?

நாமக்கல்_வெண்பண்ணை:
வணக்கம் மக்களே. நம்மது சின்ன வெண்பன்றி பண்ணை, எல்லாம் யார்க்‌ஷயர் தான். தாய்கிட்ட பால் குடிக்கற வரைக்கும் குட்டிங்க கொழுகொழுன்னு இருக்கு, 35 நாள்ல பிரிச்சு தனி கொட்டாய்ல விட்டா ஒரே வாரத்துல தண்ணி தண்ணியா கழிஞ்சு, முதுகெலும்பு தெரியற மாதிரி வத்திப்போகுது, ஒண்ணு ரெண்டு செத்தும் போகுது. முன்னாடி தீவனத்துல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் கலந்து ஓட்டிட்டு இருந்தாங்க, 2019ல கவர்மெண்ட் அதை தடை பண்ணிருச்சு. இப்ப மருந்துக்கடைல ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பவுடர் ஒண்ணு, ஓரிகனோங்கற வெளிநாட்டு மூலிகை எண்ணெய் பட்டை எண்ணெய் கலந்தது ஒண்ணு, ரெண்டையும் வாங்குங்கறாங்க. விலையை கேட்டா தலை சுத்துது. போட்டு பாத்தவங்க சொல்லுங்க.

கால்நடை_டாக்டர்:
பாக்கெட்டை அப்புறம் பாக்கலாம், முதல்ல குட்டி வயித்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. பால் குடிக்கறப்ப பால் சர்க்கரைல இருந்து லாக்டிக் ஆசிட் உண்டாகும், அதுதான் வயித்தை புளிப்பா வச்சிருக்கும், ஏன்னா அந்த வயசுல குட்டிக்கு சொந்தமா ஆசிட் சுரக்கறது கம்மி. திடீர்னு பாலை நிறுத்தினா புளிப்பு போச்சு, ஒரு நாள் ரெண்டு நாள் ஒழுங்கா திங்காம குடல் உள்பக்கம் இருக்கற உறிஞ்சற விரல்களும் குட்டையாயிடும், அப்புறம் பசில ஒரேயடியா திங்கும், செரிக்காத சோயா அப்படியே பின் குடலுக்கு போகும். இ.கோலைங்கற குடல் பாக்டீரியாவுக்கு விருந்து தான். அதுல கே88னு ஒரு வகை குடல் சுவர்ல ஒட்டிக்கிட்டு நஞ்சு விட்டு தண்ணியை வெளிய இழுத்துடும்.
ப்ரோபயாடிக் அந்த இடத்தை முன்கூட்டியே பிடிச்சுக்கும், அவ்ளோதான் அதோட வேலை. அதனால கழிச்சல் வந்தப்புறம் கொட்டி பிரயோஜனம் கம்மி, பிரிக்கறதுக்கு முன்னாடியே க்ரீப் தீவனத்துல (பால் குடிக்கறப்பவே வைக்கற குட்டி தீவனம்) ஆரம்பிக்கணும். ஆன்டிபயாடிக் போடற சமயத்துல சேர்த்து கொடுத்தா அதுவும் செத்துரும், குளோரின் தண்ணில கலக்கறதும் அப்படித்தான்.

பழைய_பண்ணைக்காரன்:
தம்பி நான் கடை பாக்கெட் எதுவும் வாங்கறதில்ல. தவிட்டுல புளிச்ச மோர் ஊத்தி பெசஞ்சு வைப்பேன், கூட பூண்டும் மஞ்சளும் அரைச்சு போடுவேன், ஒழுங்கா ஓடுது. டாக்டர்மாருங்க திட்டினாலும் சரி.

தீவன_மில்_ஆளு:
அண்ணே திட்ட மாட்டோம், மோர் நல்லதுதான், அதுல இருக்கற புளிப்பே பாதி வேலை பாக்கும். டென்மார்க்லயே தீவனத்தை தண்ணில புளிக்க வச்சு கொடுக்கறாங்க. ஆனா அரைச்ச மஞ்சளும் எக்ஸ்ட்ராக்ட்டும் ஒண்ணில்ல, மஞ்சள்ல வேலை செய்யற பொருளான குர்குமின் இருக்கறதே கொஞ்சம்.
ஓரிகனோல கிருமியை கொல்றது முக்கியமா கார்வக்ரால், தைமால்ங்கற ரெண்டு பொருள். தைமால் நம்ம ஓமத்துலயும் இருக்கு. லேப்ல இ.கோலையை நல்லா கொல்லும், குட்டிக்கு கொடுத்தா வயித்துலயும் முன் குடல்லயுமே உறிஞ்சிடும், கிருமி இருக்கற இடத்துக்கு போய் சேரறதே கஷ்டம். அதனால கொழுப்புல பொதிஞ்ச கோட்டிங் சரக்கான்னு கேட்டு வாங்குங்க, வெறும் எண்ணெயை தவிட்டுல தெளிச்சு விக்கறதுக்கு காசு கொடுக்காதீங்க. அளவு கூடினா வாடைக்கே குட்டி வாய் வைக்காது, அது இன்னும் மோசம்.
ப்ரோபயாடிக்ல, சூடாக்கி அழுத்தி செய்யற குச்சி தீவனம்னா பேசில்லஸ் சப்டிலிஸ், லைக்கனிஃபார்மிஸ் மாதிரி ஸ்போர் வகை (கெட்டி உறைக்குள்ள தூங்கற பாக்டீரியா) தான் சூட்டை தாங்கும். லாக்டோபேசில்லஸ்னா மாவு தீவனத்துல கடைசியா கலந்துக்கலாம், வெயில்ல மூட்டையை போட்டு வச்சா போச்சு. லேபிள்ல பேரும் கிராமுக்கு எத்தனை கோடி பாக்டீரியான்னும் போடலைன்னா திருப்பி கொடுத்துருங்க.
யூரோப்ல 2006லயே வளர்ச்சிக்கு ஆன்டிபயாடிக் போடறதை நிறுத்தினாங்க, அப்புறம் தீவனத்துல மருந்து அளவுக்கு நிறைய சிங்க் ஆக்சைட் (துத்தநாக பவுடர்) வச்சு சமாளிச்சாங்க, 2022 ஜூன்ல அதுக்கும் தடை. அவங்க இப்ப முக்கியமா செய்யறது புரோட்டீனை குறைச்சு, குறையற அமினோ ஆசிட்டை தனியா சேர்க்கறது. பாக்கெட் அதுக்கு மேல தான்.

நாமக்கல்_வெண்பண்ணை:
அருமை சார். நாங்க எலும்பு ஸ்ட்ராங்கா வரட்டும்னு கால்சைட் (சுண்ணாம்புக்கல் தூள்) தாராளமா போடறோம், சோயாவும் ஜாஸ்தி தான். தாய்ப்பன்றிக்கும் ப்ரோபயாடிக் கொடுக்கணுமா?

கால்நடை_டாக்டர்:
கால்சைட்டை உடனே குறைங்க, இருக்கற கொஞ்சநஞ்ச ஆசிட்டையும் அதுதான் முறிக்குது. பிரிச்ச முதல் ரெண்டு வாரத்துக்கு புரோட்டீன் 18% கிட்ட வச்சுக்கிட்டு லைசின்ங்கற அமினோ ஆசிட்டை சேருங்க. தாய்க்கு குட்டி போடறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி இருந்து கொடுக்கலாம், குட்டிக்கு முதல் கிருமிங்க அதோட சாணத்துல இருந்தும் காம்புல இருந்தும் தான வருது. பட்ஜெட் ஒண்ணுக்குத்தான்னா ஸ்போர் ப்ரோபயாடிக் வாங்குங்க, எண்ணெய் பாக்கெட் அப்புறம். ராத்திரி குளிருக்கு பல்ப் போட மறக்காதீங்க. கழியற குட்டிக்கு முதல்ல ஓஆர்எஸ் தண்ணி. ரத்தமா கழிஞ்சாலோ கண் இமை வீங்கி தள்ளாடினாலோ பவுடர் எல்லாம் வேண்டாம், அன்னைக்கே பக்கத்து கால்நடை டாக்டரை கூப்பிடுங்க, அது வேற நோய்.

பழைய_பண்ணைக்காரன்:
ஓமம் கிலோ என்ன விலை விக்குது இப்ப? 😄