பி கார்ப் சான்றிதழ்: இலங்கை ஹட்டனில் சிறிய கட்டடக்கலை நிறுவனத்துக்குச் சரிவருமா?

கேள்வி (மலைச்சரிவு)
9 பேர் கொண்ட பிரைவேட் லிமிடெட். வரைந்தும் கொடுக்கிறோம், சில இடங்களில் கட்டியும் கொடுக்கிறோம். ஹோட்டல் வேலை தர வந்த வெளிநாட்டவர் 'பி கார்ப்' (ஊழியர், சமூகம், சுற்றாடல் பற்றிய பொறுப்போடு நடக்கும் நிறுவனத்துக்கான சான்றிதழ்) கேட்கிறார். கிரீன் எஸ்.எல். (இலங்கையின் பசுமைக் கட்டடத் தரப்படுத்தல்) போதாதா? சான்றிதழுக்கான 80 புள்ளிக்கு எங்கே தொடங்குவது?

பதில் (கம்பியும்கல்லும்)
கிரீன் எஸ்.எல். கட்டடத்துக்கு, பி கார்ப் நிறுவனத்துக்கு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்க முடியாது.

80 புள்ளி பழைய கணக்கு. 2025 ஏப்ரலில், இந்தச் சான்றிதழைத் தரும் பி லேப் வெளியிட்ட புதிய தரநிலையில் மொத்தப் புள்ளி இல்லை. நிர்வாகம், நியாயமான வேலை, சமத்துவம், மனித உரிமை, காலநிலை, சுற்றாடல், அரசுடனான நடத்தை என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் தேற வேண்டும். முன்பு சோலார் புள்ளியை வைத்துச் சம்பளப் பக்க ஓட்டையை மூடலாம், இனி அது நடக்காது. சின்ன நிறுவனங்களுக்கு நிபந்தனைகள் குறைவு. சான்றிதழ் 5 ஆண்டுக்கு; 3ஆம் ஆண்டில் இன்னும் சில தேவைகள் சேரும்.

பி கார்ப் ஆக, கம்பனியின் அகவிதிகளையும் (கம்பனி இயங்கும் உள் விதிகள்) மாற்ற வேண்டும். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி அதற்கு விசேட தீர்மானம், அதாவது 75% வாக்கு தேவை. பங்காளியோடு இதை முதலில் பேசுங்கள். கடைசிக்கு வைத்தால் எல்லாமே நின்றுபோகும்.

பதில் (லெவல்குழாய்)
கட்டியும் கொடுக்கிறீர்களே, வில்லங்கம் அங்கேதான். பாஸிடம் (வேலையாட்களைக் கூட்டிவரும் தலைமைக் கொத்தனார்) மொத்தக் காசைக் கொடுத்து அவர் நாட்சம்பளமாகப் பிரித்தால், உங்கள் பதிவேட்டில் அந்தக் கையாட்களே இல்லை. தற்காலிக ஆளென்றாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: தொழிலாளி 8%, முதலாளி 12%, அதோடு முதலாளி கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி 3%. பாஸே தன் ஆட்களுக்குக் கட்டுகிறார் என்றால் அவருடைய மாதாந்தப் பற்றுச்சீட்டுப் பிரதியை வாங்கிய பிறகே பில்லை விடுவியுங்கள். அந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அவர் தரமாட்டார். வரவுப் புத்தகத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், நாட்கூலி, கையொப்பம் இருக்கட்டும். ஓடு, கம்பிக் கடைகளிலிருந்து வரும் கமிஷனை வாங்காதீர்கள்; விலைக்கழிவு கிடைத்தால் வாடிக்கையாளரின் பில்லில் காட்டுங்கள்.

மலைச்சரிவு
என்.பி.ஆர்.ஓ. (மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) அனுமதிக் கடிதத்தைச் சுற்றாடல் தலைப்பில் வைக்கலாமா?

லெவல்குழாய்
வைக்கலாம், ஆனால் அது சட்டத்துக்குக் கட்டாயமானது, அதற்கெனத் தனிப் பெருமை இல்லை. கடிதத்தில் சொன்ன வடிகாலும் தாங்குசுவரும் கட்டப்பட்டதற்குத் திகதியிட்ட படம் இருந்தால்தான் பெறுமதி.

பதில் (சாரளம்)
அவசரமென்றால் 'ஜஸ்ட்' லேபிளையும் பாருங்கள், இன்டர்நேஷனல் லிவிங் ஃபியூச்சர் இன்ஸ்டிடியூட் தருவது. அது சான்றிதழ் அல்ல. சம்பளம், சமத்துவம் போன்றவற்றில் உங்கள் நிலையை வெளிப்படையாக அறிவிக்கும் அட்டை. கேட்டவருக்கு அது போதுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.