மக்களவையில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் வந்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தண்டவாளத்துக்கு அப்பால் (கேள்வி)

எங்கள் ஊரில் ரயில்வே கேட்டுக்கு மாற்றாக ஒரு மேம்பாலம் கட்டத் தொடங்கினார்கள். தண்டவாளத்துக்கு மேலே வரவேண்டிய பகுதி முடிந்துவிட்டது. ஆனால் இரு பக்கமும் இறங்குவதற்குச் சாலை இல்லாததால், அது அந்தரத்தில் ஒரு மேடை போல நிற்கிறது. ஊர் நலச் சங்கத்தின் சார்பில் தொகுதியின் மக்களவை உறுப்பினரிடம் மனு கொடுத்தோம். அவரும் அக்கறையோடு வாங்கிக்கொண்டு, அவையில் கேள்வியாகவே எழுப்பினார். சில வாரங்களில் எழுத்தில் பதில் வந்தது. சாலைப் பகுதிக்கு நிலம் கையகப்படுத்தித் தரவேண்டியது மாநில அரசு என்றும், பணி முன்னேற்றத்தில் உள்ளது என்றும் இரண்டே வரி. அதை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடம் போனால், ரயில்வே ஒன்றிய அரசின் துறை ஆயிற்றே என்கிறார்.

நான் அறிய விரும்புபவை இரண்டு. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லும்படி ஏன் அந்தக் கேள்வி அமையவில்லை? கையில் இருக்கும் இந்த இரண்டு வரிக் காகிதத்துக்கு ஏதேனும் மதிப்பு உண்டா?

குறிப்பேடு (பதில்)

முதல் கேள்விக்கான விடை எளியது. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்காகப் பட்டியலிடப்படும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. எழுத்துப்பூர்வப் பதிலுக்கான குறியிடப்படாத கேள்விகள் 230. யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. அந்த இருபதிலும், காலை 11 மணி முதல் 12 மணி வரையிலான கேள்வி நேரத்துக்குள் உண்மையில் எழுப்பப்படுபவை பெரும்பாலும் ஐந்தாறுதான். மற்றவற்றுக்கான பதில்களும் எழுத்தில் அவையில் வைக்கப்பட்டுவிடும். ஆகவே உங்கள் உறுப்பினர் அசட்டையாக இருந்தார் என்று கொள்ள வேண்டியதில்லை.

குறி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு, அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே எழுப்பும் துணைக்கேள்வியில்தான் இருக்கிறது. அச்சிட்ட பதிலை அமைச்சகத்தின் அதிகாரிகள் பல நாள் அமர்ந்து, ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் தயாரிக்கிறார்கள். அதற்காகத்தான் பதினைந்து முழு நாள்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுக்கச் சொல்கிறார்கள். துணைக்கேள்விக்கு அந்த வசதி கிடையாது. அதிகாரிகள் தங்கள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு அனுப்பலாமே ஒழிய, பேச வேண்டியவர் அமைச்சர்தான். துறையை அவர் அறிந்திருக்கிறாரா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. உங்கள் மேம்பாலம் இரண்டு அவைகளுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய பாலங்களில் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி ரயில்வேயின் பொறுப்பு, அணுகுசாலை பொதுவாக மாநிலத்தின் பொறுப்பு. மாநில அரசின் பொறுப்பில் வரும் பொருளை மக்களவையில் கேள்வியாக அனுமதிப்பதில்லை. சட்டமன்றத்திலோ ரயில்வேயைப் பற்றிக் கேட்க முடியாது. எனவே ஒரு கேள்வியை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் உரிய அவையில் கேட்டால்தான் இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்ளாமல் நிற்கும்.

உங்களிடம் இருக்கும் காகிதம் இங்கேதான் பயன்படும். நிலம் தரவேண்டியது மாநிலம் என்று ஓர் அமைச்சர் அவையில் எழுத்தில் சொன்னது பதிவாகிவிட்டது. அதைத் தேதியோடும் கேள்வி எண்ணோடும் சுட்டி, சட்டமன்ற உறுப்பினர் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் கேட்கலாம். ரயில்வே எங்கள் துறை இல்லை என்ற பதிலுக்கு அதற்குப் பிறகு இடமில்லை.

பழைய ஏடு (பதில்)

மேலே சொன்ன துணைக்கேள்வியின் வலிமைக்கு 1957ஆம் ஆண்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி, 1956 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் அது ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியிருந்தது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டிருந்தது. பாலிசிதாரர்களின் பணம் அது.

இதைப் பற்றி அவையில் முதலில் வந்த கேள்விக்குக் கிடைத்த பதில், பிடி கொடுக்காத பதில். ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி அத்தோடு விடவில்லை. பங்குகளின் விலையையும் வாங்கிய விதத்தையும் திரட்டிக்கொண்டு வந்து, 1957 டிசம்பரில் அவையில் விரிவாகப் பேசினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. அதுவும் பொதுமக்கள் முன்னிலையில், வெளியே திரண்டவர்களுக்காக ஒலிபெருக்கி கட்ட வேண்டிய அளவு கூட்டத்தோடு. அதன் முடிவில், 1958 பிப்ரவரியில், நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போனவர், திறமையான நிர்வாகி என்று நேருவே மதித்தவர். அவர் பணம் வாங்கினார் என்று எவரும் நிறுவவில்லை. ஆயினும் தம் துறையின் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் சாக்ளாவின் நிலைப்பாடு. (1962இல் டி.டி.கே. மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆகவே முதல் பதில் மழுப்பலாக வருவதைக் கண்டு சோர வேண்டாம். முந்த்ரா விவகாரத்திலும் முதல் பதில் அப்படித்தான் வந்தது.

கோடைமழை (பதில்)

முந்த்ரா கதையை நானும் படித்திருக்கிறேன். ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரர், அதற்கும் மேல் பிரதமரின் மருமகன். அவரைக் கைகாட்டி ஊர் நலச் சங்கத்துக்கு நம்பிக்கை ஊட்டுவது சற்று மிகை. அதன் பிறகு நாம் பார்த்தவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். 2020இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கைவிடப்பட்டது; எழுத்துப்பூர்வப் பதில்கள் மட்டும் வந்தன. அவை நடக்கும் நாள்களிலும் முதல் மணி நேரத்தை அமளி விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அமைச்சரைப் பாராட்டுவதற்கென்றே எழுந்து நிற்கும் துணைக்கேள்விகள் வேறு. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, சொந்தக் கட்சி அமைச்சரைக் குடைந்து கேட்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கிறது?

குறிப்பேடு (பதில்)

நீங்கள் அடுக்கியவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடாவின் கட்டளை கட்டுப்படுத்துவது வாக்களிப்பைத்தான். தம் கட்சி அமைச்சரிடம் கேள்வி கேட்டார் என்பதற்காக எவருடைய பதவியும் அந்தச் சட்டத்தால் போகாது. அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமா என்ற அச்சம் வேறு. அது சட்டத்தால் வந்ததில்லை.

எழுத்துப்பூர்வப் பதிலைப் பற்றி இன்னொன்று. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" போன்ற சொற்கள் பதிலில் இருந்தால், அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால், அரசு உறுதிமொழிகள் குழு அமைச்சகத்திடம் விளக்கம் கேட்கும். காலக்கெடு நீட்டிப்பு கேட்டுக் கேட்டு ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் நடக்கிறது. ஆனால் கோப்பு மூடப்படுவதில்லை. "பணி முன்னேற்றத்தில் உள்ளது" என்று உங்களுக்கு எழுதியதிலோ யாரும் எதையும் செய்வதாகச் சொல்லவில்லை. வாக்குறுதியே இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இதே போன்ற ஓர் உறுதிமொழிக் குழு இருக்கிறது. அதுவும் மனுக்கள் குழுவும் மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்கின்றன. மனுக்கள் குழு வரும்போது பொதுமக்களே நேரில் மனு கொடுக்கலாம்.

தண்டவாளத்துக்கு அப்பால் (கேள்வியாளர்)

அனைவருக்கும் நன்றி. எங்கள் பழைய மனுவை எடுத்துப் பார்த்தேன். "மக்கள் பெரிதும் அவதியுறும் நிலையில் பாலப்பணி ஏன் இவ்வளவு தாமதமாகிறது, அரசு விரைந்து நடவடிக்கை எடுக்குமா" என்று எழுதியிருக்கிறோம். உறுப்பினரும் ஏறக்குறைய அதையே கேட்டிருக்கிறார். இப்போது மாற்றி எழுதிய வரைவு இது:

"குறிப்பிட்ட மேம்பாலத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட ஆண்டு எது, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும் எவ்வளவு, தாமதத்துக்கு அதிகாரிகளின் மெத்தனமே காரணம் என்பது உண்மையா?"

பழைய ஏடு (பதில்)

முதல் மூன்று பகுதிகளும் நன்று. அதிகாரிகளின் மெத்தனம் பற்றிய கடைசிப் பகுதியை அடித்துவிடுங்கள். ஊகத்தையோ குற்றச்சாட்டையோ உள்ளடக்கிய கேள்வி விதிப்படி ஏற்கப்படாது; ஏற்றாலும், "இல்லை" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, நிலம் கேட்டு ரயில்வே மாநில அரசுக்குக் கடிதம் எழுதிய தேதிகளையும், மறுமொழி வந்த தேதிகளையும் கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன், எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று ஆண்டுதோறும் பட்டியலிடும் ரயில்வேயின் பிங்க் புத்தகத்தில் உங்கள் பாலத்தின் பெயருக்கு நேரே என்ன தொகை இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டின் புதிய ரயில் பாதைத் திட்டங்கள் சிலவற்றுக்கு ஓராண்டு முழுவதற்கும் ஆயிரம் ரூபாய் என்று அதில் ஒதுக்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திட்டத்தின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் இருப்பதற்கான தொகை அது. உங்கள் பாலத்துக்கும் அப்படி ஓர் எண் இருந்தால், அதைக் கேள்வியில் எழுதாதீர்கள். குலுக்கலில் நட்சத்திரக் குறி கிடைத்துவிட்டால் துணைக்கேள்வியாகக் கேட்பதற்கு உங்கள் உறுப்பினரிடம் தனியே கொடுத்து வையுங்கள்.